ஆளுக்கொரு சொல்

“நிறுவனரோட மூக்கு எங்கே?”

தலைமையாசிரியை சத்தம் போட்டுக் கேட்கவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அவர் மெதுவாகப் பேசினால் நிலைமை மோசம் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும்.

திங்கட்கிழமை முதல் பாடவேளை. ஐந்தாம் வகுப்பின் இருபத்துமூன்று பிள்ளைகளும் எழுந்து நின்றிருந்தார்கள். கரும்பலகை ஓரமாக அவர்களுடைய மொழி ஆசிரியர், பாதி தேய்ந்த சாக்பீஸைக் கையில் பிடித்துக்கொண்டு, இருபத்துநான்காவது பிள்ளையாக நின்றிருந்தார்.

விஷயம் இதுதான். மாடித் தாழ்வாரம் நூலகத்துக்குத் திரும்பும் வளைவில், உயரமான ஸ்டூல் ஒன்றின்மேல் பள்ளி நிறுவனரின் மார்பளவுச் சிலை இருந்தது. பிளாஸ்டரில் செய்தது. முப்பது வருடமாக மூக்கும் முழியுமாக இருந்த மனிதர், இன்று காலை வெறும் முழியோடு இருந்தார். மூக்கு இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் குழி. உடைந்த துண்டையும் காணோம். வருகிற வெள்ளிக்கிழமை நிறுவனரின் பேரன் பள்ளியைப் பார்வையிட வருகிறார். தாத்தாவுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே கடிதமும் எழுதியிருந்தார்.

“யாரு உடைச்சீங்கன்னு கேக்கறேன்.”

முதல் பெஞ்சின் ஓரத்தில் நின்றவன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“நிறுவனரின்,” என்றான்.

“மூக்கை,” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“எங்களில்,” என்றான் அடுத்தவன்.

“யாரும்.”

“உடைக்கவில்லை.”

“மேடம்.”

கடைசி பெஞ்சில் ஒரு சிறுமி தன் தகரப் பென்சில் டப்பாவைத் திறந்து, டக்கென்று மூடினாள். வாக்கியம் முடிந்தது.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஆசிரியரைத் திரும்பிப் பார்த்து, “இது என்ன?” என்றார்.

ஆசிரியருக்கு ஒரு பக்கம் பயமாக இருந்தது. மறு பக்கம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பெருமையாகவும் இருந்தது. ஆறு பிள்ளைகள், ஆறு சொற்கள், எங்கேயும் தடுக்கவில்லை. அவர் இந்தப் பள்ளிக்கு வந்து பதினொரு மாதம் ஆகிறது. வந்த முதல் வாரமே பிள்ளைகள் அவருக்கு ‘வரிசை சார்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாக்கியம் என்பதைப் புத்தகத்தில் எழுதிக் காட்டினால் ஒருவருக்கும் ஏறாது, அதை நிற்க வைத்துக் காட்ட வேண்டும், நடக்க வைத்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய கட்சி. ஆளுக்கொரு சொல் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிவிடுவார். பிள்ளைகள் தாங்களே முன்னும் பின்னும் நகர்ந்து வரிசையாக நிற்க வேண்டும். நின்றபின் வரிசை அப்படியே நடக்கும். இதற்கு ‘நடக்கும் வாக்கியம்’ என்று பெயர். அட்டை இல்லாமல், வாயால் மட்டும் ஆளுக்கொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டு போவது இன்னொரு விளையாட்டு. இப்போது தலைமையாசிரியை பார்த்தது அது.

இதில் ஆரம்பத்தில் ஒரு தகராறு வந்தது. வினைச்சொல் எப்போதும் கடைசியில் நிற்கும். கடைசியில் நிற்க எவனுக்கும் பிடிக்கவில்லை. ஒரு பையனின் அப்பா நேரே வந்து, என் மகனை மட்டும் ஏன் வால் மாதிரி நிறுத்துகிறீர்கள் என்று சண்டைக்கு நின்றார். உங்கள் மகன் வந்து சேராவிட்டால் முன்னால் நிற்கிற பத்துப் பேருக்கும் ஒரு அர்த்தமும் இல்லை என்று ஆசிரியர் விளக்கினார். அப்பா மீசையைத் தடவிக்கொண்டு போனார். மறுநாள் வேறு மூன்று அப்பாக்கள், தங்கள் பிள்ளைகளையும் வினைச்சொல்லாகப் போடச் சொல்லி வந்து நின்றார்கள்.

வினைச்சொல்லுக்கும் பின்னால் ஒருத்தி உண்டு. வருடத்தின் நடுவில் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த சிறுமி. வகுப்பில் அவள் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. பெயர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். அவளை என்ன செய்வது என்று யோசித்த ஆசிரியர், பேசத் தேவையில்லாத ஒரு வேலையைக் கொடுத்தார். அவள்தான் முற்றுப்புள்ளி. வாக்கியம் முடிந்ததும் பென்சில் டப்பாவை டக்கென்று மூட வேண்டும். அந்த வேலையை அவள் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. என்றாவது ஒருநாள் அவள் ஒரு சொல்லாவது சொல்வாள் என்று ஆசிரியர் காத்திருந்தார். அதை யாரிடமும் சொன்னதில்லை.

“சரி,” என்றார் தலைமையாசிரியை பிள்ளைகளிடம். “நீங்க உடைக்கல. யார் உடைச்சதுன்னு தெரியுமா?”

“அதை,” என்றான் இரண்டாம் பெஞ்சில் முதலாமவன்.

“சொல்ல.”

“வேண்டியவரே.”

“சொல்லுவார்.”

“மேடம்.”

டக். அதைத் தொடர்ந்து டப்பாவுக்குள் எதுவோ கடகடவென்று உருண்டது. புது அழிரப்பர் வாங்கியிருக்கிறாள் போல என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டார்.

தலைமையாசிரியை அவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டுப் போய்க் கதவைச் சாத்தினார். “இப்ப நான் யாரைத் தண்டிக்கறது? ‘அதை’ன்னு சொன்னவனையா? ‘அதை’ன்னு சொல்றது குத்தமா? எல்லாருமாச் சேர்ந்து எனக்குப் பதில் சொல்லிட்டாங்க, ஆனா ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல. இப்படி ஒரு வித்தையை எதுக்கு சார் சொல்லிக் குடுத்தீங்க?”

பிறகு அசல் விஷயத்துக்கு வந்தார். ஆசிரியரின் ஒரு வருடத் தகுதிகாண் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. வேலையை நிரந்தரம் செய்யும் கோப்பு தலைமையாசிரியையின் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலைக்குள் யார் உடைத்தது என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் ஐந்தாம் வகுப்பின் மிருகக்காட்சிசாலைப் பயணம் ரத்து. கோப்பில், ‘வகுப்பைக் கட்டுப்படுத்தத் தெரியாதவர்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிடுவார்.

ஆசிரியருக்கு இது நான்காவது பள்ளி. முதல் மூன்று பள்ளிகளும் ஒரு வருடத்தோடு அவருக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பிவிட்டன. இந்த முறையும் மூட்டை கட்டினால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவரிடம் இருந்த ஒரே ஆயுதம் விளையாட்டு. செவ்வாய்க்கிழமை அதை எடுத்தார்.

வகுப்பின் குறுக்கே துணி காயப்போடும் கயிற்றைக் கட்டினார். மேசைமேல் சொல் அட்டைகளைக் கொட்டினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து, உண்மையோ பொய்யோ, மனதுக்குத் தோன்றியபடி மூக்கைப் பற்றி ஒரு வாக்கியத்தைக் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். உள்ளே குற்றம் உறுத்துகிறவன் கை நடுங்கும், அப்போது பிடித்துவிடலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

ஒரு கையும் நடுங்கவில்லை. ‘பூனை மூக்கை உடைத்தது’ என்று ஒன்று தொங்கியது. ‘மூக்கு நிறுவனரை விட்டுப் போனது’ என்று ஒன்று. வழக்கமாக வினைச்சொல்லாக நிற்கும் பையன், சண்டைக்கு வரும் குணத்தை அப்பாவிடமிருந்து அப்படியே வாங்கி வைத்திருந்தவன், அட்டைக் குவியலைக் கிளறி ஒன்றை எடுத்தான். போன மாதம் ‘தலைமையாசிரியை பரிசு வழங்கினார்’ என்று பாடம் நடத்தியபோது எழுதிய அட்டை அது. எடுத்து வைத்திருக்க வேண்டியது, மறந்துபோய் இதிலேயே கிடந்தது. அவன் தொங்கவிட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போகவும் கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

கதவில் நின்ற தலைமையாசிரியை நிதானமாகப் படித்தார். ‘தலைமையாசிரியை மூக்கை உடைத்தார்.’

ஆசிரியர் பாய்ந்து போய் இரண்டு கிளிப்பைப் பிடுங்கி அட்டைகளை இடம் மாற்றினார். ‘மூக்கை தலைமையாசிரியை உடைத்தார்’ என்று ஆனது. மறுபடி மாற்றினார். ‘உடைத்தார் மூக்கை தலைமையாசிரியை.’ எப்படி மாற்றிப் போட்டாலும் உடைத்தவர் அவராகவே இருந்தார். நம் மொழியில் சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் அவ்வளவு சுலபமாகக் கெடாது என்று இதே பிள்ளைகளுக்கு அவரே ஒரு முழு வாரம் பாடம் எடுத்திருந்தார். அந்தப் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் இனி அமையப்போவதில்லை.

தலைமையாசிரியை கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார். அறைந்து சாத்தியிருந்தால்கூட ஆசிரியருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

புதன்கிழமை அவர் வேறு வழிக்குப் போனார். உடைத்தவரைப் பிடிக்க முடியவில்லை, சரி, மூக்கையாவது வைத்துவிடுவோம். ஓவிய ஆசிரியரிடம் போய்க் கெஞ்சினார். ஓவிய ஆசிரியர் நல்லவர். ஆனால் பதினைந்து வருடமாக மலையும் மலைக்குப் பின்னால் சூரியனும்தான் வரைந்து கொண்டிருக்கிறார். சாக்பீஸ் பொடியைப் பசையில் குழைத்து, மதிய இடைவேளைக்குள் அவர் செய்து கொடுத்த மூக்கும் ஒரு மலையாகவே இருந்தது. அடிவாரம் கன்னம் வரைக்கும் வந்தது.

“கொஞ்சம் பெரிசாப் போச்சோ?” என்று கேட்டார் வரிசை சார்.

“பெரிய மனுஷர்தானே சார்,” என்றார் ஓவிய ஆசிரியர்.

ஒட்டிவிட்டு இருவரும் பத்தடி தள்ளி நின்று பார்த்தார்கள். இருபதடி தள்ளி நின்று பார்த்தார்கள். எவ்வளவு தள்ளி நின்றாலும் மூக்குதான் முதலில் வந்தது. நிறுவனர் எங்கேயோ எதுவோ கருகுகிறதே என்று மோப்பம் பிடிக்கிற மாதிரி இருந்தார்.

இடைவேளை முடிந்து பிள்ளைகள் வரிசையில் வரும் நேரத்துக்குத் தலைமையாசிரியையும் அந்தப் பக்கம் வந்துவிட்டார். சிலையைப் பார்த்தார். அவருடைய விரல் மெல்லத் தன் மூக்கின்மேல் போனது, பிறகு நிறுவனரின் மூக்கின்மேல் போனது. லேசாகத்தான் தொட்டார். பசை இன்னும் காயவில்லை. மலை முழுசாகப் பெயர்ந்து அவர் கையோடு வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து வளைவில் திரும்பியது ஐந்தாம் வகுப்பு. இன்னொரு பக்கமிருந்து துடைப்பத்தோடு வந்தாள், அந்த மாடியைக் கூட்டிப் பெருக்கும் ஆயா அக்கா.

“ஐயோ மேடம், நீங்களா?” என்றாள் அவள்.

வினைச்சொல் பையன் ஆசிரியரின் சட்டையை இழுத்து, நேற்று நான் தொங்கவிட்டது இன்றைக்குச் சரியாகிவிட்டது சார் என்று ரகசியம் சொன்னான். அவன் ரகசியம் சொன்னால் கீழ்த்தளம் வரை கேட்கும்.

அன்று மாலை ஆசிரியர் தொங்கிய முகத்தோடு வீட்டுக்குப் போனார். பேருந்தில் உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. உட்கார முடியாது. அட்டைகளும் படத்தாள்களும் கசங்காமல் இருக்க, இரண்டு முழ நீளத்துக்குப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயை வெட்டி, இரு முனையிலும் மூடி போட்டு, வார் கோத்து முதுகில் குறுக்காக மாட்டியிருப்பார். அதோடு உட்கார்ந்தால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து கொள்ள வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றத் திரும்பினார். மனைவி பேசிக்கொண்டே வந்து, மேசைமேலிருந்த டம்ளரை ஒரு கையாலும் சுவர்க் கடிகாரத்தை மறு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவர் குழாயைக் கழற்றி மூலையில் சாத்தியதும் இரண்டையும் விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அது அவளுக்குப் பழக்கம்.

அவர் நடந்ததை எல்லாம் சொல்லி முடித்தார். மூக்கு பெயர்ந்து வந்த இடத்தில் அவள் சிரித்தாள். கோப்பு என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

“பிள்ளைங்க உடைச்சிருப்பாங்களாங்க?”

“தெரியல. ஆனா எதையோ மறைக்கறாங்க. என்கிட்டகூட மறைக்கறாங்க, அதான் மனசு கேக்கல.”

“யார் உடைச்சா என்ன? யாராவது ஒருத்தர் ஒத்துக்கிட்டா அந்தம்மாவுக்குப் போதும்,” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். ஆசிரியர் அதை அப்போது காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை அவர் விளையாட்டை எல்லாம் ஓரம் கட்டினார். ஆளுக்கொரு சொல் இனி இல்லை என்று அறிவித்தார். ஒவ்வொருவரும் தனியாக எழுந்து, போன வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் எங்கே இருந்தேன் என்பதை ஒரே முழு வாக்கியத்தில் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. அது அவர் வாழ்க்கையிலேயே பொன்னான பாடவேளை. முதன்முறையாக மொத்த வகுப்பும் சேர்ந்து ஒரே வாக்கியமாக நின்ற நாள் அது. இருபத்திரண்டு சொற்கள், ஒரு முற்றுப்புள்ளி. மழையில் நனைந்த பூனைக்குட்டியில் ஆரம்பித்து, அதைத் தேடிப் போன தபால்காரரைச் சுற்றி, நூலகத்தின் படிக்கட்டில் வந்து முடிகிற வாக்கியம். அதை அப்படியே தாழ்வாரம் வழியாக நூலகத்துக்கு நடத்திக்கொண்டு போனார். அட்டைகளைப் படிக்க வேண்டும் என்பதால் அவர் எப்போதும் வரிசைக்கு முன்னால், பிள்ளைகளைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடப்பார். அன்றும் கையை வீசி, அங்கேயும் இங்கேயும் திரும்பி, உரக்கப் படித்துக்கொண்டே நடந்தார். வளைவு வந்ததும் இருபத்துமூன்று பேரும் வாயைப் பிளந்தபடி அப்படியே நின்றுவிட்டார்கள். அப்போது மணியும் அடித்தது. ஒரு வாக்கியத்தின் அழகைப் பார்த்துப் பிள்ளைகள் வாயடைத்து நிற்பதை அவர் அன்றுதான் கண்டார். அன்று இரவு சந்தோஷத்தில் அவருக்குச் சரியாகத் தூக்கம்கூட வரவில்லை.

பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். “நான் உங்களைப் பார்த்தபடி வரிசையில் நடந்தேன் சார்.” “நான் எனக்கு முன்னால் போனவன் தோளுக்கு மேலே உங்களைப் பார்த்தபடி நடந்தேன் சார்.” சொல்லும்போது ஒவ்வொருவரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஏதோ அடுத்த வரியை அவர் எடுத்துக் கொடுப்பார் என்று காத்திருப்பது போல இருந்தது. முற்றுப்புள்ளியின் முறை வந்தது. அவள் எழுந்தாள். உதடு பிரிந்தது. பிறகு என்ன நினைத்தாளோ, டப்பாவை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஆசிரியருக்குத் தலையில் பல்பு எரிந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் அத்தனை பேரும் அவர் கண்முன்னால் நடந்திருக்கிறார்கள். அவரே பார்த்திருக்கிறார். ஒரு பிள்ளையும் வரிசையை விட்டு விலகவில்லை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? மூச்சு வாங்க ஓடிப்போய்த் தலைமையாசிரியையிடம் சொன்னார்.

தலைமையாசிரியை முழுவதையும் கேட்டுவிட்டு ஆயா அக்காவைக் கூப்பிட்டார். அக்கா கணக்காகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை மதியம் அவள் சிலையைத் துடைத்தபோது மூக்கு இருந்தது, மூக்கையும் இரண்டு முறை துடைத்தாள். நூலகத்துக்குப் போகும் வழி அது ஒன்றுதான். கடைசிப் பாடவேளையில் ஐந்தாம் வகுப்பைத் தவிர வேறு யாருக்கும் நூலகம் கிடையாது. மணி அடித்ததும் அவள் மாடிக் கதவைப் பூட்டிவிட்டாள். திங்கட்கிழமை திறந்தால் மூக்கு இல்லை.

“அப்போ நீங்க அந்தப் பக்கமாப் போனப்பதான் உடைஞ்சிருக்கு,” என்றார் தலைமையாசிரியை. “இதுவரைக்கும் எனக்குச் சந்தேகமாத்தான் இருந்தது சார். நீங்களே வந்து நிரூபிச்சுட்டீங்க.”

ஆசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றப் போய், அவர்களைக் கூண்டில் ஏற்றிக் கதவையும் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

வெள்ளிக்கிழமை காலை. பேரன் பதினோரு மணிக்கு வருகிறார். ஒன்பது மணிக்கே ஐந்தாம் வகுப்பு தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே வரிசையாக நின்றது. நிற்கச் சொன்னதும் பழக்கதோஷத்தில் வாக்கியத்துக்கு நிற்கிற மாதிரியே நின்றார்கள். கடைசியில் வினைச்சொல், அவனுக்கும் பின்னால் முற்றுப்புள்ளி. மேசைமேல் இரண்டு காகிதங்கள் இருந்ததைக் கதவு வழியாக எல்லோரும் பார்க்க முடிந்தது. ஒன்று பயணத்தை ரத்து செய்யும் அறிவிப்பு. இன்னொன்று கோப்பு.

ஆசிரியர் பிள்ளைகளைப் பார்த்தார். மிருகக்காட்சிசாலைக்குப் போவதற்கென்று தைத்த புதுத் தொப்பியை ஒருவன் முன்கூட்டியே போட்டுக்கொண்டு வந்திருந்தான். மனைவி சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது. யாராவது ஒருத்தர் ஒத்துக்கிட்டால் போதும். சரி, வேலை போனால் போகிறது. ஐந்தாவது பள்ளி ஒன்று எங்கேயாவது இல்லாமலா போய்விடும்.

விறுவிறுவென்று உள்ளே போனார். தாழ்வாரம் வரை கேட்கும் குரலில் சொன்னார்.

“மேடம், மூக்கை உடைச்சது நான்தான்.”

தலைமையாசிரியை பேனாவைக் கீழே வைத்தார். “நீங்களா? எப்படி?”

எப்படி என்று அவர் யோசித்து வைத்திருக்கவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். வாய்க்கு வந்ததை அவிழ்த்துவிட்டார். “அன்னைக்கு வரிசைக்கு முன்னாடி பின்பக்கமா நடந்து போனேனில்லையா. முதுகில இந்தக் குழாய் இருந்தது. வளைவில திரும்பறப்ப, கையை வீசி வாக்கியத்தைப் படிச்சேன் பாருங்க, அப்ப குழாய் முனை போய் இடிச்சிருக்கு. நான் பாட்டுக்கு வாக்கிய ஜோர்ல கவனிக்கல.”

சொல்லி முடித்ததும் அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை கோர்வையாக, ஒரு இழை விடாமல், நம்பும்படி ஒரு பொய் தன் வாயிலிருந்து வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. உள்ளே ஒரு கதாசிரியன் இருக்கிறான் போல என்று அந்தச் சமயத்திலும் ஒரு ஓரமாகத் தோன்றியது.

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“சார், முப்பது வருஷமா பொய்யைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் இந்த நாற்காலிக்கு வந்திருக்கேன். ஒரு சிலையோட மூக்கே பேந்துவரும்படி இடிச்சா, இடிச்சவனுக்குத் தெரியாமலா போகும்? கொஞ்சமாவது நடக்கிற மாதிரி சொல்லக் கூடாதா?”

ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே இருந்த கதாசிரியன் ஓடிப்போனான்.

“ஆனா ஒண்ணு,” என்றார் தலைமையாசிரியை. “பிள்ளைங்களுக்காகப் பழியைத் தூக்கித் தன் தலைமேல போட்டுக்கிற வாத்தியாரை இந்தப் பள்ளிக்கூடத்துல நான் பார்த்ததில்லை. வாக்கியத்தை யார் வேணா சொல்லிக் குடுக்கலாம். இதைச் சொல்லிக் குடுக்க ஆள் கிடைக்காது.”

அறிவிப்பை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். கோப்பைத் திறந்து கையெழுத்துப் போட்டார். சிலை மராமத்துக்குப் போயிருப்பதாகப் பேரனிடம் சொல்லிக்கொள்கிறேன், அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டியை வைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஆசிரியர் கதவைத் தாண்டியபோது கால் தரையில் பாவவில்லை. வேலை நிரந்தரம். பயணம் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே, தான் செய்யாத ஒரு குற்றத்தைச் செய்ததாகச் சொல்லி இருபத்துமூன்று பிள்ளைகளைக் காப்பாற்றிய மனிதர் அவர். இதை அவர்கள் என்றைக்கும் மறக்கக் கூடாது என்று நினைத்தார். நினைக்கும்போதே கண் கலங்கியது. தன்னைப் பற்றி நினைத்துத் தனக்கே கண் கலங்குவதில் ஒரு தனிச் சுகம் இருந்தது.

பிள்ளைகள் அத்தனை பேர் முகத்திலும் வெளிச்சம். வினைச்சொல் பையன்கூட மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது. உடைத்தவன் யாராக இருந்தாலும் இனியாவது உண்மையைச் சொல்லும் துணிச்சல் வர வேண்டும் என்று இரண்டு வார்த்தை பேசலாமா என்று ஆசிரியர் தொண்டையைச் செருமினார்.

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து முற்றுப்புள்ளி நகர்ந்தாள். வினைச்சொல்லைத் தாண்டி, மற்ற இருபத்தொரு சொற்களையும் ஒவ்வொன்றாகத் தாண்டி, முன்னால் வந்து அவர் எதிரில் நின்றாள். பென்சில் டப்பாவைத் திறந்தாள். உள்ளே பஞ்சு வைத்து, அதன்மேல் நிறுவனரின் மூக்கு பத்திரமாக இருந்தது. அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டு, அந்தப் பள்ளிக்கூடத்தில் முதன்முறையாக வாயைத் திறந்தாள்.

“நீங்களா ஒத்துக்குவீங்கன்னு போன வெள்ளிக்கிழமையில இருந்து எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம் சார்.”